வில்லங்கம்

சேன்-பிலிப்பில் ஒன்றே கால் ஏக்கர்.
எரிமலைக் குழம்பு ஆறிக் கறுத்த சரிவு,
தாழை, தாழைமேல் வனிலாக் கொடி,
கீழே கடல் கல்லை அரைக்கிற சத்தம்.
க்ரெத்தெய் ஆஸ்பத்திரியில்
முப்பத்தொரு வருஷ ராத்திரி டூட்டி
இதற்காகத்தான் என்று பார்த்ததும் தோன்றியது.
அப்படித் தோன்றுவதுதான் ஆபத்து.

தரகர் பெயர் வேலாயுதோன்.
வேலாயுதத்தை ஜலதோஷத்தில் கூப்பிட்ட மாதிரி.
"வணக்கம் அக்கா" என்றார்.
அவருடைய தமிழ் அத்துடன் தீர்ந்தது.
அதற்கே என் கண் கலங்கியதைக் கவனித்தவர்
விலையில் ஒரு யூரோ இறங்கவில்லை.
மீதியைப் பிரெஞ்சில் சொன்னார்:
நொத்தேர் நம்ம ஆள், இரண்டு பக்கத்துக்கும் ஒருவரே போதும்,
செலவு மிச்சம்.

காரைக்காலில் அப்பா ஒரு மனை வாங்கினார்.
தெரிந்தவர் எழுதிய பத்திரம். செலவு மிச்சம்.
மறுமாசம் விற்றவனின் தம்பி வந்து
எங்கள் முருங்கையை வெட்டினான்.
கேஸ் பத்தொன்பது வருஷம்.

சேன்-ழோசெஃப் மேரியில் வரிசையில் நின்று
கவுண்டர்ப் பெண்ணிடம் கேட்டேன்.
நல்ல நொத்தேர் யார் என்றல்ல.
நிலம் விற்கிறவர்கள் இந்தப் பக்கத்தில்
யாரைப் பற்றி அதிகம் முனகுகிறார்கள்?
சிரித்தபடி சீட்டில் ஒரு பெயர் எழுதினாள்.

மேத்ர் ஆ-கியேம்.
மருந்துக்கடைக்கு மேல் மாடி. நாற்காலியில் பூனை மயிர்.
வில்லங்கம் என்பதை அந்த அம்மாளுக்கு விளக்கப் பார்த்தேன்.
அடமானத்துக்கு ஒரு சொல் இருந்தது,
நடைபாதை உரிமைக்கு ஒன்று, வழக்குக்கு ஒன்று.
மூன்றையும் ஒரே வாயில் போட்டு,
கொண்டுவருகிற ஆளையும் சேர்த்துத் திட்ட
பிரெஞ்சில் வழியில்லை.
அவருக்குப் புரிந்தது. கோப்பைப் பிரித்தார்.

"கடலோரம் ஐம்பது காலடி அரசாங்கத்தினுடையது.
ராஜா காலத்துக் காலடி. எண்பத்தோரு மீட்டர்.
நீங்கள் நாற்காலி போட நினைத்த இடம் உங்களுக்கு வராது."
(நாற்காலி நினைத்ததை நான் சொல்லவேயில்லை.)
பிறகு விரல் ஓர் இடத்தில் நின்றது.
க்ரோந்தேன் குடும்பம். வாரிசு பதினொன்று.
கையெழுத்து பத்து.
ஒக்தாவ்: மடகாஸ்கர் போனவர், தகவல் இல்லை.

"தரகர் இல்லாமல் ஒரு காலை போங்கள்.
வாடின பூ தரையில் கிடக்கிறதா,
கொடியில் தொங்குகிறதா?
அதை மட்டும் பாருங்கள்."

ஜனவரி. புயல் எச்சரிக்கை மஞ்சள்.
சேற்றில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினேன்.

வனிலாப் பூவுக்கு ஆயுள் ஒரு காலை.
கை படாதது மறுநாள் உதிரும்.
கை பட்டது வாடினாலும் கொடியை விடாது.

தொங்கின.
தாழைக்குத் தாழை, என் தோள் உயரத்தில்,
யாரோ விடியலில் கட்டைவிரலால் தொட்டுப்போன
அத்தனையும்.

முன்பே பிடித்த காய்களில் ஊசிக்குத்து.
திருடனுக்குப் பயந்து இங்கே காயிலேயே பெயர் வைப்பார்கள்.
புள்ளி புள்ளியாய் ஒரு வட்டம்.
பக்கத்தில், மூட மறந்த இன்னொரு வட்டம்.
அவை எழுத்து என்று தெரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.
ஒக்தாவுக்கு முதல் எழுத்து. க்ரோந்தேனுக்கு முதல் எழுத்து.
பத்திரத்தில் இல்லாத பதினோராவது கையெழுத்து
நூற்றுக்கணக்கில், பச்சையாக.

மேலே தகரக் கொட்டகையில் ரேடியோ பாடியது.
நான் கூப்பிடவில்லை.

"இதற்கு நான் கையெழுத்து வைக்கமாட்டேன்" என்றார் ஆ-கியேம்.
"வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். முகவரி வேண்டுமா?"
பத்திரம் முடிந்திருந்தால் அவருக்கு எவ்வளவு என்று
எனக்குக் கணக்குப் போடத் தெரியும்.
வந்த பில்: நகல், தபால், நாற்பத்திரண்டு யூரோ.

இன்னும் வாடகை வீடுதான்.
வேலாயுதோன் வாரம் ஒருமுறை அக்கா என்கிறார்.
சனிக்கிழமைச் சந்தையில்
கறுத்துச் சுருங்கிய வனிலாவை ஒவ்வொன்றாய் எடுத்து
வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.
தரம் பார்க்கிறேன் என்று
கடைக்காரி நினைத்துக்கொள்கிறாள்.