கம்பி தின்ற பலகை

சீட்டு எனக்கு விழுந்த மாசம்
வளையலா ஆடா என்று கேட்டார்கள்.
சங்கிலி ரம்பம் வாங்கினேன்.
செலஸ்தீன் இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள் வாலிநோக்கத்திலிருந்து
உடைத்த கப்பலின் இரும்பு வாரை இரண்டு
டாட்டா ஏஸில் கொண்டுவந்து இறக்கினார்,
ரம்பம் கோணாமல் ஓட.
பேச்சு அப்போதும் வரவில்லை.

மூக்கையூருக்கு மேற்கே, உப்பளத்தோரம்,
பொக்லைன் பிடுங்கிப் போட்ட சீமைக் கருவேலம்
வேர் மேலும் முள் கீழுமாய்க் கிடந்தது.
மூட்டத்துக்கு ஏலம் எடுத்த கோட்டைச்சாமியிடம்
பருத்த தடியாய் ஏழு கேட்டேன்.
"கரியாகாம இது வேற என்னத்தா ஆகும்?"
எடைக்குத்தான் கொடுத்தார். பச்சை எடை.
பாதிக் காசு தண்ணிக்குப் போச்சு.

முதல் அறுப்பு.
பட்டைக்கு அடியில் ஒரு விரல் வெளுப்பு,
அதற்குள்ளே
இறக்கி இன்னும் இறுகாத கருப்பட்டி நிறம்.
இருபது வருசமாய் இந்த மரத்தை
ஊதுகுழல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன்.

வெடிக்காமல் இருக்கப் பலகை முனைகளுக்கு
வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயிண்ட்.
காற்று நுழைய இடையிடையே குச்சி.
கச்சான் உலர்த்தியதைக் கொண்டல் வந்து நனைத்தது.
ஒன்று சங்கு மாதிரித் திருகிக்கொண்டது;
அதை அடுப்புக்கு அனுப்பினேன், அழுகையோடு இல்லை.

முக்காலி ஒன்று செய்தேன்.
மூன்று காலுக்கு எந்தத் தரையும் சமம்.
மூத்தவனுக்குக் கிரிக்கெட் மட்டை.
தூக்க முடியாமல் அதை
ஸ்டம்பாக நட்டு வைத்து ஆடுகிறான்.

நாலாவது தடியில் தீப்பொறி.
சங்கிலியில் பதினோரு பல் போச்சு.
உள்ளே முள்கம்பி,
இரட்டைப் புரி, ஒரு முள்.
சுற்றிலும் மரம் மசி குடித்ததுபோல் நீலக்கறுப்பு.

இந்த மரத்தில் வளையம் தெளிவாகத் தெரியாது.
ஒருதரம் எண்ணினால் பதினேழு,
மறுதரம் இருபத்திரண்டு.
எப்படி எண்ணினாலும்
உப்பளத்து வேலி அந்த மரத்தில் கட்டியிருந்த காலம்
ஒன்று இருந்திருக்கிறது.
இப்போது வேலி
ஓடையைத் தாண்டி இந்தப் பக்கம்,
நாங்கள் வலை காயப்போடும் மணலில் நிற்கிறது.
ஆதியிலேயே இதுதான் எல்லை என்கிறார்கள்.

எந்தக் குழியில் நின்ற மரம் இது?
குழிகளைப் பொக்லைன் மூடிவிட்டது.
ஏழு தடிக்கும் நான் எண் போடவில்லை,
காசைத்தான் எண்ணினேன்.
பார்த்தேன் என்று மரம் சொல்லும்,
எங்கே நின்று பார்த்தேன் என்று சொல்லாது.

மேசைக்கு நடுப்பலகையாய் அதையே வைத்தேன்.
கம்பியைப் பிடுங்கவில்லை.
அரம் போட்டு மழித்து எண்ணெய் விட்டேன்.
செலஸ்தீன் அதன்மேல் என்ஜின் நாசிலைப் பிரித்துப் போடுகிறார்,
சாப்பிடும் நேரத்துக்குத் துடைத்துவிட்டு.

போன வெள்ளிக்கிழமை
உப்பளக் கணக்கர் அரியநாதன் வந்தார்.
எதற்கென்று சொல்லவில்லை. டீ கொடுத்தேன்.
அவர் கட்டைவிரல் மேசையில் ஊர்ந்து
கம்பியில் நின்றது.
தேய்த்தது.
திரும்பி வந்து தேய்த்தது.

"நல்லா வந்திருக்கு. என்ன விலை?"
"விக்கிறதுக்கு இல்ல."
"எட்டாயிரம்."
பின்கட்டில் ஸ்பானர் சத்தம் நின்றது.
"பன்னண்டு."
என் மேசையின் அளவு
எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

டேப்பை எடுத்து நீட்டினேன்.
"வீட்டுல எந்த இடம்னு அளந்து சொல்லுங்க.
கம்பி இல்லாத பலகையில் போட்டுத் தர்றேன்."

அவர் டேப்பைத் தொடவில்லை.
டீ ஆடை கட்டியது.
பின்கட்டிலிருந்து செலஸ்தீன் குரல்:
"எண்ணெயா வார்னிஷான்னு
அதையும் கேட்டுக்க."