கைமாற்று

பலிபீடத்திலிருந்து இறங்கிவந்து ஆயர்
முதல் பெஞ்சில் இருப்பவரின் கைகளைத்
தன் கைகளுக்குள் வைத்து எடுக்கிறார்.
அங்கிருந்து அது புறப்படும்.
உள்ளங்கைக்கு உள்ளங்கை, பெஞ்சுக்குப் பெஞ்சு,
பெண்கள் பக்கம் மட்டும் வளையல் சத்தத்தோடு.
சமாதானம் என்று அதற்குப் பெயர்.

நவல்பூரில் எங்கள் கோயிலில்
நாலாவது பெஞ்சு வரை ஒழுங்காக வரும்.
நாலாவதில் என் ஓரகத்தி ஜெபகனி.
வாங்கியதை என்னிடம் தரமாட்டாள்,
அப்படியே பின்பக்கம் திரும்பிக் கொடுத்துவிடுவாள்,
பூட்டிய வீட்டைப் பால்காரர் தாண்டிப்போகிற மாதிரி.

எனக்கு வலப்பக்கம் திரவியமணி.
இரண்டு பேரும் நடுவில் விட்டுவைத்த இடம்
யாருக்கும் வேண்டாம் என்பதால் எனக்கு.

காரணம் சின்னதுதான். சபைத் தேர்தல்.
ஓட்டு எண்ணிய ராத்திரி ஒரு கல் பறந்தது.
திரவியமணியின் மகனுக்கு நெற்றியில் ஏழு தையல்.
எறிந்தது யார் என்று போலீஸ் கேட்டபோது
மொத்தத் தெருவும் கரண்டு கம்பியைப் பார்த்தது.
நான் சொன்னேன், என் கொழுந்தன் என்று.

மறுநாள் அவள் வாசலில் போய் நின்று
அவனைக் கூட்டிவருகிறேன், காலில் விழுவான்,
கேஸ் மட்டும் வேண்டாம் என்றேன்.
பாத்திரம் கழுவிய தண்ணீர்
பாதி படியில், பாதி என் புடவையில்.

வீட்டில் சொன்னார்கள், காட்டிக்கொடுத்தவள்.
அங்கே சொன்னார்கள், நாடகக்காரி.
ஞானஸ்நானத்தில் வைத்த பெயர்
இப்போது சிப்காட் ஷூ கம்பெனியில் மட்டும் நடக்கிறது:
பெர்சியாள், டோக்கன் நாற்பத்திரண்டு.

நான் ஒன்றும் சாந்தசொரூபி இல்லை.
அன்றைக்கு ராத்திரி முழுக்க
அவள் குடும்பம் விளங்காமல் போக வேண்டும் என்று
பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.
காலை ஷிப்டுக்கு நேரமானதால் நிறுத்தினேன்.

ஆனாலும் ஞாயிறு வரும், அந்த இடம் வரும்,
கை தானாக வலப்பக்கம் போகும்.
எனக்கே யாரும் தராததை
நான் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது?
மாசக் கடைசியில் வாங்குவோமே கைமாற்று,
சீட்டில்லாமல், வட்டியில்லாமல், அப்படித்தான்.
கொடுத்தது யார் என்று அண்ணாந்து பார்த்தால்
மின்விசிறி தெரிந்தது.

திரவியமணி கையைக் கட்டிக்கொள்வாள்.
வாங்காத சமாதானம் கொடுத்தவரிடமே திரும்புமாம்.
திரும்பியதை மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு
எத்தனை ஞாயிறு டவுன் பஸ்ஸில் போயிருக்கிறேன்.
பாலாற்றுப் பாலத்தில் கண்டக்டர் சில்லறை கேட்பார்.
கீழே மணல். தோண்டினால் ஊற்று உண்டு என்பார்கள்.
தோண்டிப் பார்த்தவர்களைக் கேளுங்கள்,
அதிலும் தோல் ஷாப்பு நாத்தம்.

போன மே மாசம், கரண்டு இல்லாத ஆராதனையில்,
நீட்டிய கையை முகர்ந்தவள் போல முகம் சுளித்து
திரவியமணி சொன்னாள்:
'த்தூ, பிசின் நாத்தம்.'
இரண்டு வருஷத்தில்
அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

வாரம் பூரா எலுமிச்சைத் தோலால்
நகக்கண் எரியத் தேய்த்தேன்.
அடுத்த ஞாயிறு அவள் இடம் மாறி
மூன்று பெஞ்சு பின்னால் போயிருந்தாள்.

அவள் இடத்தில் யாரோ சித்தூர்க்காரி.
புருஷனை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு
இங்கே உறவுக்காரர் வீட்டில் தங்கியிருக்கிறாளாம்.
எங்கள் விவகாரம் ஒன்றும் தெரியாதவள்.
நீட்டினேன்.
இரண்டு கையாலும் பிடித்தாள்,
விட மறந்தவள் மாதிரி, கொஞ்ச நேரம் அதிகமாக.
பிறகு திரும்பிப் பின்னால் கொடுத்தாள்.

தலையைத் திருப்பாமல் எண்ணினேன்.
பல்லில்லாத ஒரு பெரியம்மா,
கைக்குழந்தையோடு ஒருத்தி, குழந்தையின் கையும்,
எங்கள் லைனில் வேலை செய்யும் இரண்டு பெண்கள்,
அப்புறம் வளையல் சத்தம் மட்டும்.

பதினோராவது கையை
திரவியமணி வாங்கிக்கொண்டாள்.

யாரிடமிருந்து கிளம்பியது என்று
நான் சொல்லப்போவதில்லை.
நீங்களும் சொல்ல வேண்டாம்.