மேல்மாடி: இல்லை

சுயம்பு டேப்பை நீட்டினார்.
மறுமுனையைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொடுத்தது நான்தான்.
முதல் தப்பு அது.

போன வருஷம் வரை முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.
இந்த வருஷம் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது.
நோட்டீசின் பின்பக்கம், எறும்பு எழுத்தில்,
ஆட்சேபணை இருப்பின் முப்பது நாட்களுக்குள்.

இருக்கிறது.
புகைப்புரையை அறை என்று எண்ணியிருக்கிறார்கள்.
அங்கே குடியிருப்பது ரப்பர் ஷீட்டுகள்.
கம்பில் தொங்கி, மஞ்சளாகி, தேன்நிறமாகி,
விலை இடிந்த வருஷம் மாதக்கணக்கில் இறங்காமல்.
ஒரு நாளும் வாடகை தந்ததில்லை.

மாடி என்று எண்ணியது
லிண்டல் மட்டத்தில் நின்றுபோன நாலு சுவரை.
மஸ்கட்டிலிருந்து பணம் வந்தவரை ஏறியது.
கம்பெனியைப் பூட்டி, அவர் பெட்டியோடு வந்து இறங்கியதும் நின்றது.
இப்போது அங்கே நல்லமிளகு காயப்போடுகிறேன்.
மழையில் தவளை.

"நீ போ, எனக்கு ஆபீசில வாய் வராது"
என்று பால்வெட்டப் போய்விட்டார்.

மனு எழுத உட்கார்ந்தேன்.
'ஐயா, எனது வீடு'
அதோடு அரைமணி நேரம்.
வீட்டைக் குற்றம் சொல்லி எழுத வேண்டும்,
வீட்டுக்குள்ளேயே இருந்து.

ஓடு ஒழுகுகிறது. உண்மை.
தெற்குச் சுவர் வெடிப்பில் விரல் நுழையும். சுண்டுவிரல்.
ஆட்டோ சப்பாத்தோடு நின்றுவிடும், மேலே ஏறாது.
மேல்மாடி: இல்லை.

ஐப்பசியில் இதே மேசையில்
ஷெர்லினைப் பார்க்க வந்தவர்களுக்கு
சாயாவும் நேந்திரங்காய் வற்றலும் வைத்துவிட்டு
நான்தான் சொன்னேன்,
"மாடி வேலை பாதி தீந்தாச்சு,
கல்யாணத்துக்கு முன்ன முடிச்சிருவோம்."
அடுக்களை வாசலில் நின்ற பிள்ளை
என்னை ஒரு பார்வை பார்த்தாள்.
பையனின் அப்பா கிறிஸ்டல்தாஸ் விடவில்லை.
அவர் வீட்டில் கிரானைட் தரையாம்.
போர்ச்சில் இரண்டு கார் நிற்குமாம்.

'இல்லை'யை அடிக்கவில்லை.
ஆனால் கொஞ்சம் சின்னதாக எழுதினேன்.

விசாரணை செவ்வாய்க்கிழமை, ஒன்றிய ஆபீஸ் வராந்தா.
இரண்டு பெஞ்சு, இருபது ஆட்கள்.
எல்லார் மடியிலும் ஒரு வீடு,
நாலாக மடித்து.

எனக்கு முந்தின பேரைக் கூப்பிட்டார்கள்.
எழுந்து உள்ளே போன முதுகைத் தெரிந்தது.
கதவு சாத்தவில்லை.
காற்றாடியின் கறகறப்பையும் மீறிக் கேட்டது:
"போர்ச்செல்லாம் ஒண்ணுமில்ல சாரே, தகரம்.
சிமென்டுத் தரை, அதும் பெயர்ந்து கெடக்கு.
நான் ஒரு பாவப்பட்டவன்."

வெளியே வந்தவர் என்னைப் பார்த்தார்.
என் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.
நான் அவர் கையிலிருந்ததை.
"சாயா குடிப்பமா?"
"எனக்க பேரக் கூப்பிடுவாவ" என்றேன்.

உள்ளே ஒரு பெண். ஷெர்லினைவிட நாலைந்து வயது கூடியிருக்கும்.
போட்டோவில் கம்பி நீட்டி நிற்பதைக் காட்டிக் கேட்டாள்,
"மேல கட்டுற எண்ணம் இருக்கா?"
எண்ணத்துக்கும் வரி உண்டா என்று கேட்டிருப்பேன்.
"கம்பி துருப்பிடிச்சாச்சு, மேடம்."
அவள் தலை நிமிராமல் எழுதினாள்.

புகைப்புரை நீங்கியது. மாடி நீங்கியது.
எழுநூற்றுத் தொண்ணூறு.
கூரை ஓடு, தளம் ஒன்று என்று
சீல் வைத்துத் தந்தார்கள்.
ஜெயித்துவிட்டேன்.
படி இறங்கும்போது
வீட்டிலிருந்து எதையோ தூக்கிக் கொடுத்துவிட்டு வருவதுபோல இருந்தது.

சாயாக்கடையில் அவர் போகாமல் இருந்தார்.
எனக்கான தம்ளர் ஆறாமலிருக்க
மேலே ஒரு தட்டு கவிழ்த்திருந்தது.
"எவ்வளவு கொறஞ்சுது?"
சொன்னேன். அவரும் சொன்னார்.
அவருக்குத்தான் கூடுதல் குறைவு.
பழம்பொரியைப் பிய்த்து
பாதியை என் பக்கம் தள்ளினார்.

பையன் ஓசூரில் எடுத்திருப்பது
பத்துக்குப் பன்னிரண்டில் ஒற்றை அறையாம். வாடகைக்கு.
அந்த அளவை மட்டும்
அவர் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.