நாற்பத்தேழாம் பக்கம்

கத்தரி பிறக்க நாலு நாள் இருக்கையில்
சூலூர்ப்பேட்டை சந்தையில்
பழைய புத்தகம் கிலோ எண்பது என்றார் மஸ்தான்.
தமிழோ தெலுங்கோ, ஒரே தராசு.

எனக்கு ஒரு கணக்கு உண்டு.
கேட்டை மூடச் சொல்லும்போது ஸ்டேஷன் மாஸ்டர்
போனில் ஒரு பிரைவேட் நம்பர் தருவார்,
ரெண்டு இலக்கம்.
கடைசி டூட்டியில் கடைசியாய் எழுதிய எண் எதுவோ
அந்தப் பக்கத்தைத் திறப்பேன்.
முதல் வரி, பெண் பார்க்கப் போகையில் போட்ட சட்டை.
நாற்பத்தேழாம் பக்கம் அப்படியில்லை,
அங்கே புத்தகம் கைலியோடு இருக்கும்.

சரித்திர நாவலில்
ராஜா இன்னும் குதிரையே ஏறவில்லை.
வைத்துவிட்டேன்.
கடல் பயணம் ஒன்றில் கப்பல் தண்ணீர் தீர்ந்து
சமையல்காரன் வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தான்.
எடுத்தேன்.
ஆவிக் கதை பகல் டூட்டிக்கு மட்டும்.
ராத்திரி ரெண்டு மணிக்கு
பழவேற்காடு ஏரிக்காற்று கேட் கம்பத்தில் முனகும்போது
எனக்கு எழுத்தாளர் உதவி வேண்டியதில்லை.

கவிதைத் தொகுப்பு, ஒல்லியாய் ரெண்டு.
லோக்கலுக்கும் எக்ஸ்பிரஸுக்கும் நடுவே ஏழு நிமிஷம்தான்.
போன வருஷம் அந்த ஏழில் நாவல் படித்து
ஒருத்தியைக் கிணற்று விளிம்பில் விட்டுவிட்டுப் போனேன்.
கொடி பிடித்து இருபத்திரண்டு பெட்டி எண்ணி வரும்வரை
பாவம், ஒற்றைக் காலில் நின்றிருந்தாள்.
(கேட் மூடியபின் படிப்பதில்லை. சத்தியம்.)

சமையல் புத்தகம் ஒன்று.
அடுப்பில்லாத அறையில் இறால் தொக்கு படிப்பதுபோல்
ருசி வேறெதிலும் இல்லை.

ஒரு துப்பறியும் நாவல்.
மலை பங்களா, பக்கத்துக்குப் பக்கம் பனி.
கொலைக்காக இல்லை,
தண்டவாளம் கொதிக்கும் மாதத்தில்
அந்தப் பனிக்காக.

முள் நேராகவில்லை என்று
ஒரு தெலுங்கு அரிச்சுவடியை
மேலே போட்டார் மஸ்தான், காசில்லாமல்.

ஆரம்பாக்கத்துக்கும் தடாவுக்கும் நடுவே என் கேட்.
பன்னிரண்டு வருஷமாய்
லாரிக்காரர்களோடு தெலுங்கில் சண்டை போடுகிறேன்.
பேச்சு வரும். எழுத்து, ஜாங்கிரி.
மாலை டூட்டிக்கு வரும் பெஞ்சலய்யா நேர்மாறு.
ஆரம்பாக்கம் பள்ளியில் ஐந்து வருஷம்,
தமிழ் படிப்பார். எழுதச் சொன்னால் தெலுங்கு.
அலமாரி பொது. துப்பறியும் நாவலை முதலில் எடுத்தது அவர்.
மூன்றே நாளில் திருப்பி வைத்தார்,
முதல் பக்க மூலையில் பென்சிலில் ஒரு வரியோடு.

"ஏமி ராசாரு?"
"பாகுந்தி அனி" என்றார்,
டார்ச்சைத் தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டு.

நடுமத்தியானங்களில் அரிச்சுவடி.
எல்லா எழுத்தின் தலையிலும்
ஒரு டிக் மார்க்.
படிக்கத் தெரியாத என்னையும்
சரி, சரி என்று சொல்லிக்கொண்டே போகும் பாஷை.
கேட்டில் நிற்கும் லாரிகளின் நெற்றியில் பழகினேன்.
பால் வண்டி தெரிந்தது.
சிமென்ட் தெரிந்தது.
யாரோ ஒரு லட்சுமி தெரிந்தாள்.

மே பதினெட்டு.
நாவலில் தொண்ணூற்றோராம் பக்கம்,
டாக்டர் மேலும் எனக்குச் சந்தேகம், நாய் மேலும் சந்தேகம்.
வியர்வை துடைக்க நிறுத்தியவள்
சும்மா முதல் பக்கம் புரட்டினேன்.
டி. ரை.
வ.
ரே.
சம்பாடு.

டிரைவரே சம்பாடு!

வாழ்க்கையில் நானாய்ப் படித்த முதல் தெலுங்கு வாக்கியம்.
கத்தினேன். கோபமா சந்தோஷமா,
கேட்டில் நின்ற மாங்காய் லாரிக்காரர்
பயந்துபோய் இறங்கி வந்தார்.
"டிரைவரே" என்றேன் அவரிடம்.
"நேனேம் சேயலேது அம்மா" என்றார்.

கடல் பயணம் பெஞ்சலய்யா இன்னும் தொடவில்லை.
அதன் முதல் பக்கத்தில்,
நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து உருட்டி
எழுதி வைத்தேன்:
வான படுதுந்தி.

இன்று காலை பார்த்தால்
ஒரு டிக் நான் மறந்திருக்கிறேன்,
சிவப்புப் பேனாவில் அவர் போட்டுக்கொடுத்திருக்கிறார்.
கீழே புதிதாய் ரெண்டு வரி, நீளமாய்.
திட்டா, சமையல் புத்தகம் பற்றியா,
முதல் வார்த்தையில்தான் இருக்கிறேன்.
போன் அடிக்கிறது.