சமதரையில் ஒரு மேடு

சபாரத்தின முதலியாரின் நேப்பியர்
லாங் பஜாருக்குள் நுழைந்தால்
வண்டி மாடுகள் கயிறு அறுக்கும்.
கோட்டை அகழியில் கொக்குகள் எழும்பி
மறுபடி உட்கார அரைமணி ஆகும்.

"ஆறு சிலிண்டர். பதினெட்டாயிரம் ரூபாய்.
கழுதை மாதிரி கத்துகிறது, எசேக்கியேல்.
வாயை அடை."

காட்பாடி லோகோ ஷெட்டில்
கொதிகலனுக்கு ரிவெட் அடிக்கிறவன் நான்.
எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
புகைக்குக் கத்த வேண்டுமென்று ஆசையில்லை.
நெருப்புக்குத் தப்பி
ஒரே வாசலில் முட்டி மோதி வெளியேறுகிறது,
தீப்பிடித்த கூத்துக் கொட்டகையின் கூட்டம் போல.

முதலில் தேங்காய் நாரை அடைத்தேன்.
ரங்காபுரம் தாண்டுவதற்குள்
தெருவெல்லாம் கருகல் வாடை.
அடுத்து, துளையைச் சிறிதாக்கினேன்.
சத்தம் செத்தது, வண்டியும் செத்தது.
சத்துவாச்சாரி மேட்டில் நாலு பேர் தள்ள
முதலியார் குடை பிடித்துப் பின்னால் நடந்தார்.
அன்று அவர் பேசியதை எழுத முடியாது.

மூன்றாம் முறை அவசரப்படவில்லை.
ஒரு சிலிண்டரைப் போல் ஆறு மடங்கு வயிறுள்ள உருளை.
உள்ளே நான்கு தகடுகள்.
ஒன்றின் துளைக்கு நேரே
அடுத்ததில் துளை வராதபடி
இருநூற்றுப் பதினாறு ஓட்டை,
கையால்.
மேலே கல்நார்ச் சுற்று.
ஓடி வந்த புகை
அறை அறையாய்த் திரும்பி, ஆறி,
கடைசிக் குழாயில் வந்தபோது
வெறும் பெருமூச்சு.

ஓட்டிப் பார்த்தோம்.
தோல் இருக்கை நெறிபடுவது கேட்டது.
டிரைவர் தஸ்தகீர் மூக்குறிஞ்சுவது கேட்டது.
பாலாற்று மணலில் கீற்று பரப்பிக் கடக்கையில்
ஒவ்வொரு ஈர்க்கும் ஒடிவது கேட்டது.

முதலியார் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.
"இனி நான் வருவது
வெள்ளேரிக்குப்பத்தில் ஒரு நாய்க்கும் தெரியாது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.
இரண்டு மைலுக்கு அப்பால் ஆற்றிலேயே கேட்டுவிடும் அந்தச் சத்தம்
அந்த ஊருக்கு எத்தனை மரக்கால் நெல்!
களத்திலிருந்தது வைக்கோலுக்கடியில் போக,
கறவை மாடு பக்கத்து ஊர் போக,
பத்திரத்தில் கைநாட்டு வைத்தவன்
கரும்புக்குள் போக
அவ்வளவு நேரம் போதும்.
மழை பொய்த்த வருஷம் வேறு.

சின்ன வேலை பாக்கி என்று
வண்டியை இன்னொரு நாள் கேட்டு வாங்கினேன்.
ஒரு மூடி, ஒரு ஸ்பிரிங்,
டிரைவர் காலடியில் ஒரு பெடல்.

"அதென்ன?"
"கட்-அவுட், ஐயா. மிதித்தால் புகை நேராய் வெளியே போகும்.
மேட்டில் எஞ்சினுக்கு மூச்சு வேண்டுமே."
பொய்யில்லை. சீமை வண்டிகளிலும் உண்டு.

தஸ்தகீர் விளக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டான்:
"வெள்ளேரிக்குப்பம் மேடா, பள்ளமா?"
"ஓட்டுகிறவன் நீ."

கோலிக்குண்டு வைத்தால்
வைத்த இடத்திலேயே நிற்கும் ஊர் அது.

வெள்ளிக்கிழமை, ஷெட்டில் சுத்தியல்கள் ஓய்ந்த
சாப்பாட்டு வேளை.
ஆற்றுப் பக்கமிருந்து
மலையேறுகிற மாதிரி
ஒரு நேப்பியர் அலறியது.

கூலியில் ஏழு ரூபாய் பிடித்துக்கொண்டார்.
சத்தம் முழுசாய்ப் போகவில்லையாம்.
நியாயம்தான் என்றேன்.