ஆடிட்டரின் எடை

பேரேட்டின் மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும்,
ஆகவே ஆடிட்டர்.
கீழமாசி வீதி வத்தல் மண்டியில்
நான் கணக்கெழுத வந்த வருஷம்
மூட்டைச் சந்தில் கண் திறக்காமல் கிடந்தது.

இப்போது வயது பன்னிரண்டு. சர்க்கரை.
என் வீட்டு ஃபிரிட்ஜில்
தயிருக்குப் பக்கத்தில் அதன் மருந்துக் குப்பி.

காலை ஆறு, மாலை ஆறு.
பிடரித் தோலைக் கூடாரமாய்த் தூக்கி
ஒன்றரைக் கோடு.
சிவப்பு மூடி ஊசி, ஆரஞ்சு மூடி அல்ல என்று
அலமாரிக் கதவில்
எனக்கு நானே எழுதி ஒட்டிய சீட்டு
வெளுத்துவிட்டது. பயம் வெளுக்கவில்லை.

"பூனைக்கா சுகரு?" என்கிறார் சேதுபாண்டி அண்ணன்.
"எங்கப்பாவுக்கே மாசத்துக்கு ஒருக்காத்தான் பாக்குறோம்."
நியாயந்தான்.
பதில் சொல்லாமல் மண்டித் தராசில்
துண்டோடு அதை வைக்கிறேன்.
(துண்டு நூற்றிருபது கிராம், கழிக்க வேண்டும்.)
வத்தல் நெடிக்கு ஒரு தும்மல்.
சிவப்பு எண்கள் நடுங்கி நிற்கின்றன.

தையில் நாலு கிலோ அறுநூறு.
மாசியில் நாலே நூறு.
பங்குனியில் மூன்று கிலோ முந்நூற்று நாற்பது.

தட்டை நக்கி, தட்டிருந்த தரையை நக்கி,
என் விரலை நக்கி மறுபடி கேட்கிறது.
மண் தொட்டியிலோ
எண்ணெய் மினுங்கும் வெளிர் மஞ்சள்,
போட்டதெல்லாம் போட்டபடி.
மாடியில் ராம்பாய் ஜன்னலைச் சாத்துகிறாள்.
வரவு ஏறி இருப்பு இறங்கினால்
எங்கள் தொழிலில்
யாரோ கை வைக்கிறார்கள் என்று பொருள்.

தல்லாகுளத்தில் டாக்டர் பிளாரன்ஸ்
அதன் முதுகெலும்பை
ஜெபமாலை போல விரலால் எண்ணிக்கொண்டு போனார்.
"சர்க்கரை கட்டுக்குள்ளதாம்மா இருக்கு. கணையம்."
ரத்தம் ஐஸ் பெட்டியில் சென்னைக்குப் போனது.

கணையம்.
அகராதியைப் புரட்டினேன்.
கோட்டைக் கதவுக்குக் குறுக்கே போடும் மரமாம்.
கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்து
வெளிவீதியாக்கிய ஊர் இது.
அதில்தான் தினமும் பஸ்ஸுக்கு நிற்கிறேன்.
கதவு போய், காவல் போய்,
மரத்தின் பெயர் மட்டும்
ஒரு பூனை வயிற்றுக்குள்.

கேப்சூலைத் திறந்து கால் பங்கு பொடி,
அரைத்த கோழியில் பிசைந்து இருபது நிமிஷம்.
அதன் வயிறு செய்யாத வேலையைக்
கிண்ணம் செய்கிறது.
விரல் வெடிப்பில் பட்டால் எனக்கே எரிகிறது.
ஞாயிறுதோறும் ரோஸ்மில்க் நிறத்தில்
இன்னோர் ஊசி.

சித்திரையில் ஒரு மாலை தின்னவில்லை.
உதட்டை நக்கி எச்சில் விழுங்கியது.
கோழியை நீட்டினால்
சுவரைப் பார்த்தது.
ஊசியில் ஒன்றரை ஏற்றி
கையில் வைத்துக்கொண்டே நிற்கிறேன்.
தின்னாத உடம்புக்குப் போட்டாலும் குற்றம்,
போடாவிட்டாலும் குற்றம்.
"பாதி போடுங்க, ராத்திரி தூங்காதீங்க,"
போனில் பிளாரன்ஸ்.

இரண்டு மணிக்கு அதன் பின்னங்கால் மடங்கியது.
கதவைத் தட்டுமுன்
ராம்பாய் நைட்டியோடு இறங்கி வந்துவிட்டாள்,
கையில் அவளுடைய சொந்த மெஷின்.
காது ஓரத்தில் ஒரு குத்து.
நாற்பத்தொன்று.
சர்க்கரைப் பாகை விரலில் தொட்டு
ஈறில் தடவிக்கொண்டே சொன்னாள்:
"எனக்கு இப்படி வந்தன்னைக்கு
என் மகன் பக்கத்துலதான் இருந்தான்.
போன் பாத்துக்கிட்டு."
நான் ஒன்றும் கேட்கவில்லை.
அவள் விரலை அது மெல்லக் கடித்தது.
"ஆங், கடி, கடி," என்றாள்.

விடியலில் இரண்டு வாய் தின்றது.
பிறகு என் செருப்பில் வாந்தி.
பிறகு மூன்று வாய்.

அந்த வாரக் கடைசியில் மூன்று நூற்றிருபது.
வைகாசி பாதியில் மூன்று இருநூற்று நாற்பது.
பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி
கூடுதலைக் கூட்டி
அடிக்கோடு போட்ட பிறகுதான்
துண்டைக் கழித்தேனா என்று சந்தேகம் வந்தது.

தூக்கப் போனேன்.
ஈர மசியின் மேலேயே படுத்திருந்தது,
வயிறு நிறைந்து,
அல்லது எனக்கு அப்படித் தெரிந்தது.