உள்ளே உடுத்துவது

தண்ணீர் நான்கு டிகிரி என்று
நார்வேக்காரன் காகிதத்தில் போட்டிருக்கிறது.
காரைக்குடியில் இன்று நூற்றியாறு.
அது வேறு அளவுதான், தெரியும்.
இருந்தும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன்.

நனையாத உடுப்பை அவர்கள் தருவார்கள்,
கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் கவ்வுவது.
அதற்குள்ளே என்ன போடுவது என்பது
என் பாடு.

தூத்துக்குடியில் என்னோடு முங்கிய பெனிற்றோ
போனில் மூன்று தரம் சொல்லிவிட்டான்:
"உடுப்பு தண்ணியத்தான் தடுக்கும், குளிர இல்ல.
சூடு துணியில இல்ல மாப்ள,
துணி பிடிச்சு வச்சிருக்க காத்துல இருக்கு."

உமையாள் ஆறு பனியன் வாங்கி வந்தாள்.
திருப்பூர்ப் பருத்தி. ஒரு தண்ணி அலசி மடித்திருந்தாள்.
வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு நாள் ஆயிற்று.
இந்த வெயிலில் பருத்தியைக் குறை சொல்வது
சோற்றைக் குறை சொல்வது மாதிரி.
வேர்வையைக் குடிக்கும், குடித்ததைச் சீக்கிரம் விடாது,
இங்கே அதனால்தான் குளுமை,
அங்கே அதனாலேயே ஆள் விறைத்துப் போவான் என்றேன்.
பனியனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"நல்ல குணங்கூட ஊருக்கு ஊர் மாறுமாக்கும்."

பார்சலில் வந்தவை:
ஆட்டு ரோமத்தில் மெல்லிசாய் இரண்டு சோடி,
ஃபிளீஸில் ஒரு முழு உடுப்பு,
மெத்தையைத் தைத்துக் கைகால் வைத்ததுபோல் இன்னொன்று.
மெத்தையை மாட்டி ஜிப்பை நெஞ்சுவரை இழுத்தபோது
கரண்ட் போனது.
"அப்பா தலகாணி" என்று சின்னவள் கத்தினாள்.
கழற்றுவதற்குள் காது மடலில் சொட்டியது.

இப்படித் தெரியாது என்று
சிக்கந்தர் ஐஸ் பேக்டரிக்குப் போனேன்.
ஒரு மணி நேரம் உள்ளே வைத்துப் பூட்டு என்றேன்.
"உசுரோட உள்ளதுக்கு என்ன வாடகைன்னு தெரியலயேண்ணே."

தொண்டியிலிருந்து வந்த பெட்டிகளுக்கு நடுவே
ஒரு ஐஸ் பாளத்தின்மேல் உட்கார்ந்தேன்.
ரோமம், அதன்மேல் ஃபிளீஸ்.
முதலில் குளிர் வந்தது உட்கார்ந்த இடத்தில்.
நசுங்கிய இடத்தில் காற்றில்லை,
காற்றில்லாத இடத்தில் எதுவுமில்லை.
கடலும் இப்படித்தான் என் காலில் உட்காரும்.
எதிர்ப் பெட்டியில் ஒரு சீலா
வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தது.
அது கடலிலிருந்து வருகிறது, நான் போகிறேன்.

மெத்தையில் குளிரே இல்லை.
ஆனால் கையை மடக்கித்
தோளில் வால்வு இருக்கும் இடத்தைத் தொட முடியவில்லை.
தொட முடியாத வால்வு
ஆளை மேலே உருட்டிக்கொண்டு போய்விடும்.
தவிர, ஒரு விரற்கடை தடிமன் கூடினால்
இடுப்பில் இன்னும் இரண்டு கட்டி ஈயம்.
கதகதப்பை எடைபோட்டுத்தான் வாங்க வேண்டும்.

ஆக, ரோமம் இரண்டடுக்கு, ஃபிளீஸ் ஒன்று.
காலுறை இரண்டு, இறுக்காமல்;
இறுக்கினால் ரத்தம் விரலுக்கு வராது.
இன்னொன்றும் உண்டு.
மூன்று மணி நேரம் ஜிப்பைத் திறக்க முடியாது.
செக்காலை ரோட்டு மருந்துக் கடையில்
குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.
"பெரியவங்களுக்கா?"
ஆமாம் என்றேன்.
மறுநாள் எதிர்வீட்டு அழகம்மை
ஆரஞ்சுப் பழத்தோடு வந்துவிட்டார்,
வீட்டில் யாருக்கு முடியவில்லை என்று.

பெட்டிக்கு இருபத்துமூன்று கிலோ.
மெத்தையை வெளியே எடுத்தேன், இரண்டு ஸ்பேனரை எடுத்தேன்,
ஊறுகாயை உமையாள் எடுக்க விடவில்லை.
பனியன் ஒன்று அடியில் கிடந்தது.
கேட்கவில்லை.

கடைசியில் ஒன்றரைக் கிலோ கூடுதல்.
ஃபிளீஸை மாட்டிக்கொண்டு
திருச்சி பஸ் ஏறினேன்.
மே மாதம், பகல் ஒரு மணி.
கண்டக்டர் சீட்டைக் கிழித்தவர்
கழுத்துவரை ஏறிய ஜிப்பைப் பார்த்தார்.

"காச்சலாண்ணே?"

தலையாட்டினேன்.
ஜன்னலோரம் இருந்தவரை எழுப்பி
எனக்கு இடம் வாங்கிக் கொடுத்தார்.